விறைப்பு குறைந்தது, கால் நிற்கவில்லை

கேள்வி: எனக்கு வயது 44. கடந்த 9 ஆண்டுகளாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்குச் சிகிச்சை பெற்று வருகிறேன். இரண்டு கால்களிலும், முக்கியமாக இடது காலில், விறைப்பு அதிகம். காலையில் எழுந்தால் கால்கள் மரக்கட்டை போல இருக்கும். இரவில் திடீர் திடீரென்று இழுத்துக்கொள்ளும். இரண்டு மாதங்களுக்கு முன் நரம்பியல் மருத்துவர் பேக்லோஃபென் 10 மில்லிகிராம் மாத்திரையை மூன்று வேளையும் போடச் சொன்னார். விறைப்பு நன்றாகக் குறைந்தது. ஆனால் கால்கள் துவண்டு, நடை தள்ளாடத் தொடங்கியது. இரவில் கழிப்பறைக்குப் போகும்போது இரண்டு முறை விழுந்துவிட்டேன். பயந்துபோய் மாத்திரையை நானே நிறுத்தினேன். இரண்டே நாளில் விறைப்பு முன்பைவிட மோசமாகி, உறக்கமும் கெட்டு, படபடப்பும் வந்ததால் மீண்டும் போடத் தொடங்கினேன். அந்த நேரத்தில்தான் மருத்துவரைப் பார்க்கும் நாளும் வந்தது. திட்டுவாரோ என்று நிறுத்தியதையும் விழுந்ததையும் சொல்லவில்லை. காலைப் பரிசோதித்துவிட்டு டைசானிடின் என்ற மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தார். அதை இன்னும் தொடங்கவில்லை. மாத்திரை போட்டால் விழுகிறேன், போடாவிட்டால் நடக்க முடியவில்லை. தள்ளாட்டத்துக்கென்று தனியாக மாத்திரை உண்டா? சில வாரங்களாகச் சிறுநீரும் அடிக்கடி போகிறது. ஊன்றுகோல் பிடிக்கும் நிலைக்கு வந்துவிட்டேனோ என்று நினைத்தாலே மனம் கசக்கிறது.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்குப் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேக்லோஃபென் மாத்திரையை இனி ஒருபோதும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். தொடர்ந்து சில வாரங்கள் இந்த மருந்துக்குப் பழகிய நரம்பு மண்டலத்திலிருந்து அதைச் சட்டென்று பிடுங்கினால், அடக்கி வைத்திருந்த விறைப்பு இரட்டிப்பாகத் திரும்பி வரும். உங்களுக்கு வந்த படபடப்பும் உறக்கமின்மையும் அதன் தொடக்க அறிகுறிகளாக இருந்திருக்கலாம். அதைத் தாண்டிப் போனால் இல்லாத உருவங்கள் தெரிவது, மனக்குழப்பம், காய்ச்சல், வலிப்பு வரைக்கும் போகக்கூடும். குறைப்பதானாலும் நிறுத்துவதானாலும் மருத்துவர் சொல்லும் அளவில், படிப்படியாகத்தான் செய்ய வேண்டும். வாந்தி, வெளியூர்ப் பயணம், மருந்து தீர்ந்துபோவது போன்ற காரணங்களால் தற்செயலாக நின்றுபோவதற்கும் இதே ஆபத்து உண்டு என்பதால், ஒரு வாரத்துக்கான மாத்திரையாவது எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

அடுத்து, மருத்துவரிடம் நீங்கள் சொல்லாமல் விட்ட செய்தி. திட்டுக்குப் பயந்து மருந்து நிறுத்தியதை மறைப்பவர்கள் என் மேசைக்கு எதிரேயும் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் தவறு பாதி எங்களுடையது. ஆனால் இங்கே நடந்திருப்பதைப் பாருங்கள். மருந்தை நிறுத்தியதால் எகிறிய விறைப்பைத்தான் அவர் அன்று கையால் தொட்டுப் பார்த்திருக்கிறார். மூன்று வேளை மாத்திரை போட்டும் கால் இவ்வளவு இறுகியிருக்கிறது என்று எண்ணி, இரண்டாவது மருந்தைச் சேர்த்திருக்க வாய்ப்பிருக்கிறது. உங்களுக்கு அது தேவையே இல்லாமலும் இருக்கலாம். எனவே டைசானிடினைத் தொடங்குவதற்கு முன்பே அவரைத் தொடர்புகொண்டு, நிறுத்தியதையும் விழுந்ததையும் முழுவதுமாகச் சொல்லிவிடுங்கள்.

இனி, விறைப்பு குறைந்தும் ஏன் விழுகிறீர்கள் என்பதற்கு வருவோம். இந்த நோயில் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற உறை சிதைகிறது. தசைகளை இயக்கு என்று மூளை அனுப்பும் கட்டளை அதனால் பலவீனப்படுகிறது. தசைகளை அளவோடு இயக்கு என்று அனுப்பும் கட்டளையும் பலவீனப்படுகிறது. முதல் பழுதால் கால் வலுவிழக்கிறது, இரண்டாவது பழுதால் கால் இறுகுகிறது. இரண்டும் ஒரே காலில் ஒரே நேரத்தில் இருக்கும். வலுவிழந்த தொடையும் முழங்காலும் மடங்கிவிடாமல், இறுக்கம் ஒரு மரச்சட்டம்போல முட்டுக்கொடுத்து நிறுத்திவைத்திருக்கும். நீங்கள் எரிச்சலோடு சுமந்துவந்த அந்த மரக்கட்டைக் கால்தான், ஓரளவுக்கு, உங்களைத் தாங்கியும் வந்திருக்கிறது. பேக்லோஃபென் தண்டுவடத்தில் வேலை செய்து, இறுக்கம் கொடுத்த அந்த முட்டினை எடுத்துவிடுகிறது. அதுவரை மறைந்திருந்த பலவீனம் வெளியே தெரிகிறது. கால் துணிபோலத் துவளுவதற்கு இது முக்கியமான காரணம். மருந்து தரும் தூக்கக் கலக்கமும் தலைசுற்றலும் இதனோடு சேர்ந்துகொள்ளும்.

அதனால் விறைப்பை முழுவதுமாக ஒழிப்பது இந்தச் சிகிச்சையின் நோக்கமே அல்ல. எந்த வேலைக்கு விறைப்பு இடைஞ்சலாக இருக்கிறதோ அதை எளிதாக்கும் அளவுக்குக் குறைத்து, நிற்பதற்கும் எழுவதற்கும் வேண்டிய விறைப்பை மிச்சம் வைக்க வேண்டும். அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்குப் பகலில் ஒன்றாகவும் இரவில் வேறொன்றாகவும் இருக்கும். பேக்லோஃபெனைப் பொதுவாக வேளைக்கு 5 மில்லிகிராம் என்று தொடங்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக ஏற்றுவதுதான் வழக்கம். உங்களுக்கு நேரடியாக 10 மில்லிகிராமில் தொடங்கியிருந்தால், உங்களுக்குப் பொருந்தும் அளவைத் தாண்டி நீங்கள் வந்திருக்கலாம். மேலும், இந்த மருந்தின் அளவு சில மணி நேரத்திலேயே உடலில் பாதியாகக் குறைந்துவிடுவதால், எத்தனை மில்லிகிராம் என்பதைப் போலவே எந்த நேரத்தில் என்பதும் முக்கியமாகிறது. காலை விறைப்புக்குப் படுக்கையிலிருந்து எழுவதற்குச் சற்று முன்பே ஒரு வேளை, அதிகம் நடக்கும் நேரத்தில் குறைந்த அளவு, இழுப்பைத் தடுக்கப் படுக்கும்போது ஒரு வேளை என்று சமமில்லாமல் பிரித்துக் கொடுப்பதும் உண்டு. இது உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இம்மருந்து பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்குச் சாதாரண அளவே அதிகமாகிவிடும். அந்த இரத்தப் பரிசோதனை அண்மையில் செய்யப்படவில்லை என்றால் அதையும் நினைவூட்டுங்கள். ஒவ்வாமைக்கும் தூக்கத்துக்கும் போடும் மாத்திரைகளும் மதுவும் கலக்கத்தைக் கூட்டும்.

டைசானிடின் வேறு வழியில் வேலை செய்யும் மருந்து. போட்ட ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் அதன் விளைவு உச்சத்தை அடைந்து, மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வடிந்துவிடும். பேக்லோஃபெனைவிடத் தசைப் பலவீனம் இதில் குறைவு என்று பலர் சொல்வதுண்டு. ஆனால் தூக்கம், வாய் உலர்தல், எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குதல் ஆகியவை இதில் அதிகம். இரவில் விழும் ஒருவருக்கு அழுத்தத்தை இறக்கும் மருந்தைச் சேர்ப்பது யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். கல்லீரல் பரிசோதனையும் இதற்கு அவசியம். வெறும் வயிற்றிலா, உணவோடா என்பதைப் பொறுத்து இம்மருந்து உடலில் சேரும் அளவும் வேகமும் மாறுவதால், ஒரு முறையைத் தேர்ந்துகொண்டால் அதையே தினமும் கடைப்பிடிக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். சிறுநீர் அடிக்கடி போகிறது என்கிறீர்கள். இந்த நோயே சிறுநீர்ப்பையைப் பாதிக்கும், பேக்லோஃபெனும் சிலருக்கு அப்படிச் செய்யும்; என்றாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது சிறுநீர்த் தொற்றை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களுக்கு எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமலும் தொற்று வரும். கால் விறைப்பு அதிகமாவது ஒன்றே அதன் அடையாளமாக இருப்பதும் உண்டு. மலச்சிக்கல், நிறைந்த சிறுநீர்ப்பை, படுக்கைப் புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம், இறுக்கமான காலுறை என்று உடலின் கீழ்ப்பகுதியில் எது உறுத்தினாலும் தண்டுவடம் அதற்கு விறைப்பாகவே பதில் சொல்லும். உறுத்தலைக் கவனிக்காமல் மாத்திரையை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் விறைப்பு அடங்காது, தள்ளாட்டம்தான் கூடும். ஆகவே இந்த வாரமே சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொற்று இருந்து மருந்து எழுதித்தரப்பட்டால், டைசானிடின் உங்களுக்கு எழுதப்பட்டிருப்பதை அந்த மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்றுக்குப் பல இடங்களிலும் தரப்படும் சிப்ரோஃப்ளாக்சசின் டைசானிடினோடு சேரவே கூடாது. சேர்ந்தால் டைசானிடினின் அளவு இரத்தத்தில் பலமடங்கு ஏறி, அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும்.

தள்ளாட்டத்துக்குத் தனி மாத்திரை உண்டா என்று கேட்டீர்கள். இல்லை என்பதே நேர்மையான பதில். நிலைதடுமாறாமல் நிற்பதற்குச் சிறுமூளை, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, கண், பாதத்திலிருந்து வரும் உணர்வு, காலின் வலு ஆகிய அத்தனையும் வேண்டும்; ஒரே மருந்து இவ்வளவையும் சரிசெய்ய முடியாது. ஃபாம்பிரிடின் என்றொரு மருந்து இருக்கிறது. உறை சிதைந்த நரம்பிலிருந்து கசியும் மின்சைகையைத் தடுத்து, கட்டளை தசை வரை போய்ச்சேர அது உதவுகிறது. 10 மில்லிகிராம் மாத்திரையை 12 மணி நேர இடைவெளியில், உடைக்காமல் முழுதாக விழுங்க வேண்டும். போடுபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நடையின் வேகம் கூடுகிறது. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் பலன் தெரியாவிட்டால் தொடர்வதில் பயனில்லை. ஆனால் அது வேகத்துக்கான மருந்து. தலைசுற்றலும் தள்ளாட்டமும் அதன் பக்கவிளைவுப் பட்டியலிலேயே இருக்கின்றன. வலிப்பு வந்தவர்களுக்கும் சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும் அதைத் தரக்கூடாது.

நீங்கள் விழுந்தது இரண்டு முறையும் இரவில் என்பதைக் கவனியுங்கள். பாதத்தின் உணர்வு மங்கியவர்கள் தங்களை அறியாமலேயே கண்ணால் பார்த்துத்தான் நிற்கிறார்கள். இருட்டில் அந்தக் கண்ணும் போய்விடுகிறது. இரவு மாத்திரையின் கலக்கமும் சேர்கிறது. அவசரமாகச் சிறுநீர் முட்டுகிறது. விழுவதற்கு இவ்வளவு போதும். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு முழுவதும் சிறு விளக்கு எரியட்டும், வழியில் மிதியடி எதுவும் வேண்டாம், கழிப்பறைச் சுவரில் கைப்பிடி பொருத்துங்கள். எழுந்ததும் நடக்காமல் படுக்கை ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் அழுத்திய பிறகு எழுங்கள். மருந்துகளைப் பற்றி இவ்வளவு எழுதியிருந்தாலும், உங்களை விழாமல் காப்பாற்றுவதில் இந்த விளக்குக்குத்தான் நான் முதலிடம் தருவேன்.

இயன்முறை மருத்துவரை இதுவரை பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. மருந்து தசையைத் தளர்த்தும்; தளர்ந்த தசையை நீட்டவும் வலுவாக்கவும் பயிற்சியால்தான் முடியும். கெண்டைக்கால், பின்தொடை, உள்தொடைத் தசைகளை மெதுவாக நீட்டி, ஒவ்வொன்றையும் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை பிடித்திருக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் விறைப்பு கூடும். பேக்லோஃபென் போட்டு ஒரு மணி நேரம் கழித்துச் செய்தால் எளிதாக இருக்கும். இடது பாதம் தரையில் உரசுகிறது என்றால் கணுக்காலுக்கு ஒரு தாங்கி தேவைப்படலாம். உடல் சூடேறினால் இந்த நோயின் அறிகுறிகள் தற்காலிகமாக மோசமாகும் என்பதால், குளிர்ந்த நேரத்தில் இடைவெளி விட்டுச் செய்யுங்கள். விறைப்பு ஓரிரு தசைகளில் மட்டும் மிஞ்சினால் அங்கே போட்டுலினம் ஊசி போடலாம். அதன் பலன் ஏறக்குறைய மூன்று மாதம். மாத்திரை எதுவும் ஒத்துவராத கடும் விறைப்புக்குப் பேக்லோஃபெனைத் தண்டுவடத் திரவத்துக்குள்ளேயே செலுத்தும் பம்ப் இருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அதற்கு இப்போது தேவை தெரியவில்லை.

மருத்துவரிடம் போகும்போது ஒரு வாரக் குறிப்பு எடுத்துச் செல்லுங்கள். மாத்திரை போட்ட நேரம், கால் அதிகம் இறுகிய நேரம், துவண்ட நேரம், விழுந்தது அல்லது விழப்போனது, இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள் என்பவை போதும். ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும் புதிய பலவீனமோ, பார்வைக் கோளாறோ, சிறுநீர் போகவே முடியாத நிலையோ வந்தால் அந்த வாரம் முடியக் காத்திருக்காதீர்கள்.

கடைசியாக ஊன்றுகோல். அதைப் பிடிக்கும் நிலைக்கு வந்துவிட்டோமா என்ற கசப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் பேக்லோஃபென் எடுத்துவிட்ட முட்டுக்குப் பதிலாக, வேண்டும்போது எடுத்து வேண்டாதபோது சாத்திவைக்கக்கூடிய ஒரு முட்டுத்தான் அது. இரவுக்கு மட்டுமாவது தொடங்குங்கள். இடது கால் பலவீனம் என்பதால் அதை வலது கையில் பிடிக்க வேண்டும். இடது காலும் ஊன்றுகோலும் சேர்ந்தே முன்னால் போக வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டின் மடிப்புக்கு அதன் பிடி சரியாக வர வேண்டும். அடிப்பகுதி ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள்.