ஃப்ரிட்டாட்டா: அடி கருகாமல், தண்ணீர் விடாமல்

கேள்வி: சுக்கினி (வெள்ளரிக்காய் போலிருக்கும் சீமைச் சுரைக்காய்) போட்டு ஃப்ரிட்டாட்டா (காய் சேர்த்துச் செய்யும் தடிமனான இத்தாலிய ஆம்லெட்) செய்தேன். 8 முட்டை, 20 சென்டிமீட்டர் நான்ஸ்டிக் கடாய். அடி கருகிவிட்டது, நடுவில் வேகவில்லை, வெட்டியதும் தட்டில் தண்ணீர் தேங்கியது. வீட்டில் ஓவன் கிடையாது. எங்கே தவறு?

பதில்: ஓவன் இல்லாதது ஒரு குறையே இல்லை. இத்தாலிய வீடுகளில் அடுப்பிலேயே வைத்து, தட்டில் கவிழ்த்துத் திருப்புவதுதான் பழைய வழக்கம். உங்களுக்குச் சிக்கல் தந்தவை காயில் இருந்த தண்ணீரும் அடுப்பின் தீயும்தான்.

100 கிராம் சுக்கினியில் ஏறக்குறைய 95 கிராம் தண்ணீர். அரைகுறையாக வதக்கினால் அது அப்படியே முட்டைக்குள் இறங்கும். 300 கிராம் சுக்கினியை மெல்லிய வட்டங்களாக நறுக்கி, 2 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில், ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, மூடாமல் நல்ல தீயில் வதக்குங்கள். முதலில் நீர் விட்டுச் சளசளவென்று கொதிக்கும். அந்தச் சத்தம் அடங்கி, எண்ணெயில் பொரிகிற சத்தம் வரவேண்டும். ஓரங்கள் பழுப்பேற வேண்டும். 10, 12 நிமிடம் பிடிக்கும், காய் பாதியாகச் சுண்டிவிடும். காளானும் இப்படித்தான். கீரையென்றால் வதக்கிய பிறகு பிழியவும் வேண்டும். 5 நிமிடம் ஆறிய பிறகே முட்டையில் சேருங்கள்.

உங்கள் கடாய்க்கு 6 முட்டை போதும். 8 முட்டை வேண்டுமென்றால் 24 சென்டிமீட்டர் கடாய் எடுங்கள். முள்கரண்டியால் வெள்ளையும் மஞ்சளும் கலக்கும்வரை அடித்தால் போதும். நுரை பொங்க அடித்தால் வேகும்போது உப்பி, இறக்கியதும் அமுங்கிப்போகும். இதில் துருவிய பார்மேசான் சீஸ் 40 கிராம், மிளகுத்தூள் சேருங்கள். சீஸிலேயே உப்பு இருப்பதால் உப்பு கால் தேக்கரண்டிதான். பால் தேவையில்லை.

இனி தீ. நாம் ஆம்லெட்டுக்கு வைக்கிற தீ இதற்கு ஆகாது. முட்டைக் கலவை 70 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இறுக ஆரம்பிக்கும். அதற்கு மேல் சூடு ஏற ஏற, இறுகிய முட்டை தன்னுள் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். உங்கள் தட்டில் தேங்கியதில் கொஞ்சம் இப்படியும் வந்திருக்கும்.

மிதமான தீயில் 1 மேசைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் கலவையை ஊற்றுங்கள். அரை நிமிடம் ஓரத்தில் வெந்ததை மரக்கரண்டியால் நடுவுக்குத் தள்ளிக்கொண்டே இருங்கள். பிறகு தீயை ஆகக் குறைத்து மூடுங்கள். 4 நிமிடம் கழித்து மூடியின் உள்பக்கம் கோத்திருக்கும் நீரைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி மூடுங்கள். இல்லாவிட்டால் அதுவும் மேலேயே சொட்டும். மொத்தம் 8 முதல் 10 நிமிடம். கடாயை ஆட்டினால் ஓரம் அசையக்கூடாது, நடுவில் மட்டும் உள்ளங்கை அளவுக்குத் தளதளவென்று ஆடவேண்டும். திருப்ப அதுதான் நேரம். முந்தினால் வழியும், பிந்தினால் ரப்பராகும்.

கடாயைவிட அகலமான, குழிவில்லாத தட்டில் எண்ணெய் தடவி, கடாய்மேல் கவிழ்த்து அழுத்திப் பிடியுங்கள். கையில் தடித்த துணி இருக்கட்டும். தயங்காமல் ஒரே மூச்சில் திருப்பி, தட்டிலிருந்து கடாய்க்குள் சறுக்கி விடுங்கள். இன்னும் 2 நிமிடம், அவ்வளவே.

இறக்கியதும் வெட்டாதீர்கள். 10 நிமிடம் விட்டால் உள்சூட்டிலேயே நடுப்பகுதி முழுதாக வெந்துவிடும். இத்தாலியில் இதை வெதுவெதுப்பாகவோ ஆறவிட்டோதான் பெரும்பாலும் சாப்பிடுவார்கள். மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் ரொட்டிக்கு நடுவில் வைத்துச் சாப்பிடலாம்.