வேட்டை ரைஃபிளுக்கு ஏற்ற கடைத் தோட்டா: கேள்வி பதில்

வட அமெரிக்காவில் மான் வேட்டையாடும் தமிழ் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. தோட்டாவை வீட்டிலேயே செய்துகொள்பவர்களின் கேள்விகளை இங்கே சேர்க்கவில்லை. கடையில் பெட்டியாகக் கிடைக்கும் தோட்டாக்களைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். தோட்டா என்பது வெடிமருந்து, கேஸ் எனப்படும் உறை, குண்டு எல்லாம் சேர்ந்தது. குண்டு என்பது குழலை விட்டுப் பறந்து செல்லும் பகுதி மட்டும்.

கேள்வி (விஸ்கான்சின்): புதிதாக .308 வின்செஸ்டர் ரைஃபிள் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் 150 கிரெயின் (குண்டின் எடையைக் குறிக்கும் அலகு) தோட்டாவை விடத் துல்லியமானது வேறில்லை என்கிறார் நண்பர். அதையே பத்துப் பெட்டி வாங்கிவிடலாமா?

பதில்: வாங்க வேண்டாம். நண்பர் சொல்வது அவருடைய துப்பாக்கியைப் பொறுத்தவரை முழு உண்மையாகவே இருக்கலாம், ஆனால் உங்கள் துப்பாக்கிக்கு அது பொருந்தும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஒரே ஆலையில், ஒரே நாளில், ஒரே இயந்திரத்தில் அடுத்தடுத்து உருவான இரண்டு குழல்கள்கூட ஒரே தோட்டாவை வெவ்வேறு விதமாகச் சுடும். தோட்டா அமரும் அறையின் அளவில் உள்ள சிறு வேறுபாடு, குண்டு கேஸை விட்டுக் கிளம்பிச் சுருள் வரிகளை (குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய பள்ளங்கள்) தொடுவதற்குள் தாண்ட வேண்டிய இடைவெளி, மருந்து வெடிக்கும்போது குழல் அதிரும் விதம் ஆகியவை எல்லாம் இதில் சேர்கின்றன. தோட்டா ஆலையோ தன் சரக்கை ஒரு துப்பாக்கிக்காக அளவெடுத்துச் செய்ய முடியாது. .308 தோட்டாவின் மொத்த நீளம் 2.810 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் பொதுத் தர அளவு. அந்த அளவுக்கு அறை குடைந்த எல்லாத் துப்பாக்கிகளிலும் அது தடையின்றி நுழைந்தாக வேண்டும்.

ஆகவே எந்த விலங்கை, எவ்வளவு தூரத்தில் சுடப் போகிறீர்கள் என்பதையும், அதற்கு எந்த வகைக் குண்டு தகும் என்பதையும் முதலில் முடிவு செய்யுங்கள். அதன் பிறகே துல்லியத்தைத் தேடுங்கள். வெள்ளைவால் மானுக்கு .308 இல் 150 அல்லது 165 கிரெயின் எடையுள்ள விரியும் குண்டு தாராளமாகப் போதும். அந்த வட்டத்துக்குள் ரெமிங்டன் கோர்-லாக்ட், ஃபெடரல் ஃபியூஷன், வின்செஸ்டர் பவர்-பாயின்ட், ஹார்னடி அமெரிக்கன் ஒயிட்டெயில் போன்றவற்றில் மூன்று நான்கு வகைகளில் வகைக்கொரு பெட்டி வாங்கிச் சோதியுங்கள். வாங்கும்போது நிறுவனத்தின் பெயரை மாற்றுவதைவிடக் குண்டின் எடையையும் வடிவத்தையும் மாற்றுவதே பயன் தரும் என்பது என் கருத்து. ஏறக்குறைய ஒரே வடிவமுள்ள மூன்று 150 கிரெயின் ஈயமுனைக் குண்டுகளைச் சோதிப்பதால் புதிதாகத் தெரியவருவது குறைவு.

கேள்வி (டெக்சஸ்): 100 கஜத்தில் மூன்று குண்டுகள் முக்கால் அங்குலத்துக்குள் விழுந்தன. மறுவாரம் அதே தோட்டா, அதே மேசை, காற்றும் இல்லை. ஆனால் குரூப் (தாளில் துளைகள் பரவிய அகலம்) ஒன்றே முக்கால் அங்குலம். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்புங்கள், ஏனென்றால் இரண்டும் ஒரே துப்பாக்கியின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கியவைதான். மூன்று குண்டுக் குரூப் என்பது மிகச் சிறிய மாதிரி. சராசரியாக மூன்று குண்டுகளை ஓர் அங்குலத்துக்குள் போடும் துப்பாக்கி, எந்தக் குறையும் இல்லாமலேயே, ஐந்து குண்டுகளைச் சராசரியாக ஒன்றேகால் அங்குலத்துக்குள்ளும் பத்துக் குண்டுகளை ஏறத்தாழ 1.6 அங்குலத்துக்குள்ளும் போடும். துப்பாக்கி மாறவில்லை, ஓரத்தில் விழக்கூடிய குண்டுகளுக்கு வாய்ப்பு கூடியிருக்கிறது, அவ்வளவுதான். பணப்பையில் மடித்து வைத்துக்கொண்டு நண்பர்களிடம் காட்டப்படும் அந்த அரை அங்குலத் தாள், பெரும்பாலும் பல தாள்களிலிருந்து பொறுக்கியெடுத்த ஒன்றாகவே இருக்கும்.

வேட்டைத் துப்பாக்கியின் மெல்லிய குழலில் பத்துக் குண்டுகளைத் தொடர்ந்து சுட்டால் சூடு ஏறி, குண்டுகள் ஒரு பக்கமாக நகரத் தொடங்கும் என்பதால், நான் பரிந்துரைக்கும் முறை இது: ஒரே தாளில், ஒரே புள்ளியைக் குறிவைத்து, மூன்று குண்டுகள் சுடுங்கள், குழலைக் கையால் தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆற விடுங்கள், மறுபடி மூன்று, மறுபடி ஆறவிட்டு மூன்று. இடையில் ஸ்கோப்பைத் திருகவே கூடாது. ஒன்பது துளைகளும் ஒன்றாகச் சேர்ந்து காட்டும் அளவுதான் அந்தத் தோட்டாவைப் பற்றிய நேர்மையான செய்தி. ஒரு தோட்டா 1.4 அங்குலமும் மற்றொரு தோட்டா 1.6 அங்குலமும் காட்டினால், அந்த வேறுபாட்டுக்கு எந்தப் பொருளும் இல்லை. விலை குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 1.4 உம் மற்றொன்று 3 உம் காட்டினால் இரண்டாவதை ஒதுக்கிவிடலாம். இத்தகைய சோதனை மோசமானதைக் கழிப்பதற்கு நன்றாக உதவும். நல்லவற்றுள் மிக நல்லதைக் கண்டுபிடிக்க உதவாது.

கேள்வி (அதே டெக்சஸ் உறுப்பினர்): அப்படியானால் எவ்வளவு துல்லியம் போதும்?

பதில்: வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதியைச் சுமார் 8 அங்குல வட்டமாகக் கொள்வது வழக்கம். ஒன்பது குண்டுகளை 100 கஜத்தில் 2 அங்குலத்துக்குள் போடும் துப்பாக்கி, 200 கஜத்தில் சுமார் 4 அங்குலத்துக்குள் போடும். மேசையை விட்டு எழுந்து மரத்தில் சாய்ந்தோ முழங்காலிட்டோ சுடும்போது உங்கள் கையின் தடுமாற்றம் இதைவிடப் பெரியது. மீதமிருக்கும் தோட்டாக்களை அந்த நிலைகளில் பழகுவதற்குச் செலவிடுங்கள்.

கேள்வி (கலிஃபோர்னியா): இங்கே ஈயக் குண்டுக்குத் தடை இருப்பதால் செம்புக் குண்டுக்கு மாறினேன். முன்பு ஒழுங்காகச் சுட்ட .243 இப்போது சிதறடிக்கிறது. குழல் கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமற்ற குண்டு கட்டாயம் என்பதால், இதே குறையைப் பலரும் எழுதுகிறார்கள்.

செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே அதே எடையில் செய்த செம்புக் குண்டு, ஈயக் குண்டைவிட நீளமாக இருக்கும். குண்டைப் பறக்கும்போது நிலையாக வைத்திருப்பது சுழற்சி. எவ்வளவு சுழற்சி தேவை என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது குண்டின் நீளமே தவிர எடையன்று. ஆங்கிலேயக் கணிதவியலாளர் கிரீன்ஹில் 1879 இல் வகுத்த எளிய சூத்திரமே இதைத்தான் சொல்கிறது. பெட்டியில் எடை மட்டுமே பெரிய எழுத்தில் அச்சாகியிருப்பதால் நாம் இதை மறந்துவிடுகிறோம்.

உங்கள் .243 தோட்டாவின் வரலாறே இதற்கு நல்ல பாடம். 1955 இல் வின்செஸ்டர் .243 ஐயும் ரெமிங்டன் .244 ஐயும் வெளியிட்டன. இரண்டும் ஒரே விட்டமுள்ள குண்டைச் சுடுபவை. வின்செஸ்டர் குழலில் வரிகள் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றின. ரெமிங்டன் குழலில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அதாவது சுழற்சி குறைவு. சிறு விலங்குகளுக்கான இலேசான குண்டுகளை மனத்தில் வைத்தே ரெமிங்டன் அப்படிச் செய்தது. ஆனால் வாங்கியவர்கள் மானுக்கு 100 கிரெயின் குண்டு சுட விரும்பினார்கள், நீளமான அந்தக் குண்டு 12 அங்குல வரியில் நம்பத்தக்கதாக இல்லை. பின்னர் ரெமிங்டன் வரியை 9 அங்குலமாக்கி, 1963 இல் பெயரையும் 6 மி.மீ. ரெமிங்டன் என்று மாற்றியது. அதற்குள் சந்தை வின்செஸ்டரிடம் போய்விட்டது.

எனவே செம்புக்கு மாறும்போது எடையில் ஒரு படி இறங்குங்கள். ஈயத்தில் 100 கிரெயின் சுட்டவர் செம்பில் 80 அல்லது 85 கிரெயினைச் சோதிக்கலாம். செம்புக் குண்டு உடைந்து எடையை இழப்பதில்லை என்பதால் ஊடுருவலில் குறைவு வராது. இன்னொன்று, குழலில் பழைய ஈயக் குண்டுகளின் செம்பு உறை விட்ட படிவு இருக்கும்போது செம்பைச் சுட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். செம்புப் படிவை நீக்கும் கரைசலால் நன்றாகத் துடைத்துவிட்டு, புதிய தோட்டாவில் ஐந்தாறு சுட்ட பிறகே தாளைப் பாருங்கள். தாளில் துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் தெரிந்தால் குண்டு நிலைகுலைந்து பக்கவாட்டில் திரும்பிப் போகிறது என்று பொருள். அந்தத் தோட்டாவை மேலும் சோதிக்கத் தேவையே இல்லை.

கேள்வி (பென்சில்வேனியா): சென்ற ஆண்டு அருமையாகச் சுட்ட அதே தோட்டாவை இந்த ஆண்டும் வாங்கினேன். குண்டுகள் இரண்டு அங்குலம் கீழே விழுவதோடு குரூப்பும் விரிந்துவிட்டது. போலியா?

பதில்: போலியாக இருக்க வாய்ப்பு குறைவு, தயாரிப்புத் தொகுதி மாறியிருக்கும். பெட்டியில் அச்சிட்ட தொகுதி எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய ஆலைகள் மருந்தை மொத்தமாக வாங்குகின்றன. தொகுதிக்குத் தொகுதி அதன் எரியும் வேகம் சற்று மாறும். குறித்த அழுத்தமும் வேகமும் வரும்படி ஆலை மருந்தின் அளவைத் திருத்திக்கொள்ளும். சில சமயம் மருந்தின் வகையையே மாற்றும். பெட்டியின் வெளித்தோற்றத்தில் இது எதுவும் தெரியாது. உங்கள் குழலுக்கு ஒத்துவந்த தோட்டாவைக் கண்டுபிடித்த அன்றே அதே தொகுதி எண்ணில் இன்னும் ஐந்தாறு பெட்டிகள் வாங்கி, உலர்ந்த, வெயில் படாத இடத்தில் வைத்துவிடுவது நல்லது. ஆண்டுக்கு ஒரு பெட்டிகூடத் தீராத வேட்டைக்காரருக்கு அது பல பருவங்களுக்கு வரும். புதிய தொகுதி வாங்க நேர்ந்தால், ஸ்கோப்பை மறுபடி சரிபார்க்காமல் காட்டுக்குப் போகாதீர்கள்.

கேள்வி (கொலராடோ): போட்டித் தோட்டாக்கள்தான் துல்லியமானவை என்றால், மானுக்கும் அவற்றையே சுடக் கூடாதா? விலை கூடினால் பரவாயில்லை.

பதில்: கூடாது. சியர்ரா மேட்ச்கிங் போன்ற குண்டுகள் தாளில் துளை போடுவதற்காகச் செய்யப்பட்டவை. உடலுக்குள் அவை எப்படி விரியும் என்பதற்கு உறுதி இல்லை, அவற்றைச் செய்யும் நிறுவனமே வேட்டைக்குப் பரிந்துரைப்பதில்லை. காயத்தோடு ஓடும் விலங்கைத் தேடி அலைவதைவிட அரை அங்குலம் பெரிய குரூப் எவ்வளவோ மேல்.

விலையைப் பற்றி ஒரு சொல். 1977 இல் ஃபெடரல் தன் பிரீமியம் வரிசையில் நோஸ்லர், சியர்ரா போன்ற பிற நிறுவனங்களின் குண்டுகளை இட்டு விற்கத் தொடங்கியதிலிருந்து, முன்பு கையால் தோட்டா செய்பவர்களுக்கு மட்டுமே வாய்த்த குண்டுகள் கடைக்கு வந்தன. அந்தக் கூடுதல் விலையில் பெரும்பகுதி, எல்க் போன்ற பெரிய விலங்கின் எலும்பில் பட்டாலும் சிதறாத குண்டின் கட்டமைப்புக்காகக் கொடுப்பது. குரூப் சுருங்கும் என்ற உறுதி அந்த விலையில் சேராது. மிக மலிவான தோட்டா விலையுயர்ந்ததைத் தோற்கடிக்கும் துப்பாக்கிகள் பல உண்டு.

கேள்வி (ஆல்பர்ட்டா): ஆகஸ்டில் சரிபார்த்த துப்பாக்கி, நவம்பர்க் குளிரில் மாறுமா?

பதில்: சற்று மாறும். குளிரில் மருந்து மெதுவாக எரிவதால் வேகம் குறையும். எவ்வளவு என்பது மருந்தின் வகையைப் பொறுத்தது. 200 கஜத்துக்குள் அது பெரும்பாலும் ஓர் அங்குல வேறுபாட்டைத் தாண்டாது. 400 கஜம் சுட நினைப்பவர் கட்டாயம் குளிரிலேயே ஒருமுறை சரிபார்க்க வேண்டும். குளிரில் ஆறிய துப்பாக்கியைச் சூடான வண்டிக்குள் கொண்டுவந்தால் ஸ்கோப் கண்ணாடியில் ஈரம் படியும் தொல்லைதான் வேகக் குறைவைவிடப் பெரியது.

கேள்வி (ஜார்ஜியா): ஏழு வகைத் தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட 3 அங்குலத்துக்குக் கீழே வரவில்லை.

பதில்: எட்டாவது பெட்டி வாங்காதீர்கள். ஏழும் ஒரே மாதிரி மோசமாக இருந்தால் குற்றம் தோட்டாவில் இல்லை. ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களும் அடிப்பட்டைகளும் தளர்ந்திருக்கின்றனவா, கட்டையையும் உலோகப் பகுதியையும் இணைக்கும் திருகுகள் தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்தில் இருக்கின்றனவா, கட்டை எங்காவது குழலைத் தொட்டு அழுத்துகிறதா, குழல் வாயின் விளிம்பில் நசுங்கல் உண்டா என்று இந்த வரிசையிலேயே பாருங்கள். மேசையில் சுடும்போது குழலைத் தாங்கின் மேல் வைக்கக் கூடாது. கட்டையின் முன்பகுதியை மணல் மூட்டையில் வைத்து, பின்பகுதிக்கும் ஒரு சிறு மூட்டை கொடுங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தால், நன்றாகச் சுடும் இன்னொருவரிடம் துப்பாக்கியைக் கொடுத்துப் பாருங்கள். அவர் கையில் குரூப் சுருங்கினால் விசையை இழுக்கும் விதத்தைத் திருத்த வேண்டும். அவர் கையிலும் சுருங்காவிட்டால் அடுத்து வேறொரு ஸ்கோப்பை மாட்டிப் பாருங்கள். உள்ளே பழுதான ஸ்கோப் வெளியில் எந்த அறிகுறியும் காட்டாது.

கேள்வி (அரிசோனா): கொயோட்டிக்கு .223 வைத்திருக்கிறேன். 5.56 ராணுவத் தோட்டா மலிவாகக் கிடைக்கிறது. சோதிக்கலாமா?

பதில்: குழலில் .223 ரெமிங்டன் என்று மட்டும் பொறித்திருந்தால் வேண்டாம். அந்த அறையில் வரிகள் தொடங்கும் இடம் நெருக்கமாக இருப்பதால் அழுத்தம் அளவு மீறக்கூடும்.

கேள்வி (வர்ஜீனியா): எச்-1பி விசாவில் இருக்கிறேன். தோட்டா வாங்கலாமா?

பதில்: குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது, செல்லத்தக்க வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும், வீட்டில் மிஞ்சிய தோட்டாவும் சிக்கலாகும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. உங்கள் மாநிலச் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் தனியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (மெய்ன்): மாமனாரின் பழைய .30-30 லீவர் துப்பாக்கி, எதைப் போட்டாலும் இரண்டரை அங்குலம். கூர்முனைக் குண்டு போட்டால் திருந்துமா?

பதில்: குழலுக்கு அடியில் உள்ள உருளைக்குள் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படும் துப்பாக்கி அது. முன்னுள்ள தோட்டாவின் ப்ரைமரில் (அடியில் உள்ள தீமூட்டும் பகுதி) பின்னுள்ள கூர்முனை இடித்தால் உள்ளேயே வெடிக்கும். தட்டை முனை அல்லது இத்தகைய துப்பாக்கிக்கென்றே ஹார்னடி செய்யும் நெகிழும் முனைக் குண்டு (லெவரெவல்யூஷன்) மட்டுமே போடுங்கள். மெய்ன் காட்டின் அடர்த்தியில் நூறு கஜத்துக்கு மேல் மான் கண்ணில் படுவது அரிது. அந்தத் தூரத்துக்கு இரண்டரை அங்குலம் தாராளம். இப்போது சுடும் 150 அல்லது 170 கிரெயினையே தொடருங்கள்.