எந்தச் சுப்புலட்சுமி?

வணக்கம். பேத்தி பிறந்து 40 நாள் ஆகிறது. என் மாமியாரின் பெயரான சுப்புலட்சுமியை வைக்க ஆசை. "ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்கம்மா" என்கிறாள் மகள். அவள் மனம் மாறட்டும் என்று, பெயர் சூட்டும் அன்று வருகிறவர்களுக்குக் கொடுக்க ஓர் அட்டை எழுதியிருக்கிறேன். "சுப்புலட்சுமி: தியாகபூமி படத்தில் சாவித்திரியாக நடித்தவர், ஐ.நா.வில் பாடியவர். சிஸ்டர் சுப்புலட்சுமி: விதவைப் பெண்களுக்கு விடுதி நடத்திய கன்னியாஸ்திரி. சுப்புலட்சுமி ஜெகதீசன்: நம் திருச்செங்கோடு எம்.பி.யாக இருந்து மத்திய அமைச்சரானவர்." பாடகியின் முதல் படம் எங்கள் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் எடுத்தது என்றும் சேர்க்கலாமா? இந்தக் காலத்தில் இந்தப் பெயர் வைக்கலாமா, சொல்லுங்கள்.

வாசகி, ஏற்காடு

அன்புள்ள அம்மா,

பேத்திக்கு என் ஆசிகள். பெயரைத் தாராளமாக வையுங்கள். கிண்டலைப் பற்றிக் கவலை வேண்டாம், வீட்டில் சுப்பு என்றோ லட்சுமி என்றோ கூப்பிட்டால் முடிந்தது. ஆனால் அந்த அட்டையை இப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். முதல் வரியிலேயே இரண்டு பெண்களை ஒருவராக்கி விட்டீர்கள்.

1939இல் வந்த தியாகபூமியில் சாவித்திரியாக நடித்தவர் எஸ்.டி. சுப்புலட்சுமி. ஐ.நா.வில் 1966இல் பாடியவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததுதான். இயக்குநர் கே. சுப்ரமண்யம் 1938இல் சேவாசதனம் படத்தில் எம்.எஸ்.ஸை அறிமுகப்படுத்தினார். மறு ஆண்டே தியாகபூமியை எஸ்.டி.யை வைத்து எடுத்தார். ஒரே இயக்குநர், அடுத்தடுத்த ஆண்டுகள், இரண்டிலும் கதாநாயகி பெயர் சுப்புலட்சுமி. போதாததற்கு 1941இல் 'சாவித்திரி' என்றே ஒரு படம் வந்தது, அதில் எம்.எஸ். உண்டு. ஆனால் அதில் அவர் போட்டது நாரதர் வேடம். சாவித்திரியாக நடித்தவர் சாந்தா ஆப்தே. ஆக, "சாவித்திரியாக நடித்த சுப்புலட்சுமி" என்று எங்கே கண்டாலும் அது எஸ்.டி.யாகத்தான் இருக்கும்.

படத்தையோ பழைய பத்திரிகைத் துணுக்கையோ கையில் வைத்துக்கொண்டு யார் என்று திகைத்தால் முதலில் ஆண்டைப் பாருங்கள். சினிமாவில் 1938க்கு முன் என்றால் எம்.எஸ். இல்லை. எஸ்.டி.யோ 1934இல் பவளக்கொடியிலேயே வந்துவிட்டார், தியாகராஜ பாகவதருக்கும் அதுதான் முதல் படம். அடுத்து படத்தின் பெயர். எம்.எஸ். நடித்தவை மொத்தமே நான்கு: சேவாசதனம், சகுந்தலை, சாவித்திரி, மீரா. மீரா வந்தது 1945இல், பிறகு இந்தியிலும் வந்தது. இந்த நான்கிலும் சேராத படம் என்றால் எம்.எஸ்.ஸின் பெயரைப் போடவே போடாதீர்கள்.

மாடர்ன் தியேட்டர்ஸ் பெருமையை விட்டுவிடுங்கள், சேவாசதனம் அதன் அதிபர் டி.ஆர். சுந்தரம் எடுத்த படமே இல்லை. சேலத்துக்காரர்களுக்கு வேறு பெருமை இருக்கிறது: ஐ.நா.வில் எம்.எஸ். பாடிய ஆங்கிலப் பிரார்த்தனையை எழுதியவர் ராஜாஜி. சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, நகராட்சித் தலைவராகவும் இருந்தவர்.

இப்போது உங்களைத் திட்டப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் ஓர் இனிஷியல்கூட இல்லை. இடம் போதவில்லையா, பார்க்க அழகாக இல்லையா? நம் ஊரில் பெயர் பாதிதான் ஆளைச் சொல்லும், மீதியைச் சொல்வது முன்னெழுத்து. எம்.எஸ்.ஸில் எம் மதுரை, எஸ் சண்முகவடிவு. சண்முகவடிவு அவருடைய தாய், வீணைக் கலைஞர். அப்பா பெயரே முன்னெழுத்தாக நிற்கும் நாட்டில், 1998இல் பாரத ரத்னா வாங்கியபோதும் அந்த அம்மாளின் எழுத்து மகளோடு இருந்தது. நீங்கள் இனிஷியலை வெட்டியபோது வெட்டுப்பட்டது அந்த வீணைக்காரியின் பெயர். சுப்புலட்சுமி ஜெகதீசனுக்கு அடையாளம் பின்னால் நிற்கும் கணவர் பெயர். 2004இல் திருச்செங்கோட்டில் வென்றவர் என்று ஆண்டையும் போடுங்கள். ஒருவருக்குத் தாய், ஒருவருக்குக் கணவர் என்று அவரவர் வாழ்க்கை அந்த ஒட்டெழுத்தில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் நான்கு சுப்புலட்சுமியும் ஒரே பொம்மைதான்.

அடுத்தது சிஸ்டர். கான்வென்ட் பள்ளிகள் நிறைந்த ஏற்காட்டில் சிஸ்டர் என்றதும் கன்னியாஸ்திரி நினைவு வருவது இயல்பு. இவர் கன்னியாஸ்திரி இல்லை. 1886இல் மயிலாப்பூரில் ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்து, சிறுமியாக மணமாகி, உடனே விதவையானவர். முழுப்பெயர் ஆர்.எஸ். சுப்புலட்சுமி. 1911இல் பட்டம் பெற்று, சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் ஆனார். தலை மழிக்கப்பட்டு மூலையில் உட்கார வேண்டிய சிறுமிகளைக் கூட்டிவந்து சென்னைக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் என்ற கட்டடத்தில் தங்கவைத்துப் படிக்க வைத்தார். அதில் ஆசிரியைகளாக வெளியே வந்தவர்கள் உண்டு. சிஸ்டர் என்பது அந்தத் தொண்டுக்காக ஊர் வைத்த பெயர். 1958இல் பத்மஸ்ரீ கிடைத்தது, 1969இல் மறைந்தார். இவரைத் தேடும்போது 'சுப்பலட்சுமி' என்றும் தேடுங்கள், இல்லாவிட்டால் பாதி தகவல் அகப்படாது.

அந்த எழுத்துச் சிக்கல் உங்கள் பேத்திக்கும் வரும். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க ஓராண்டு வரை கட்டணம் இல்லை, அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். ஆனால் சேர்க்கும் நாளன்றே லட்சுமியா லக்ஷ்மியா என்று முடிவுசெய்யுங்கள். ஆங்கிலத்தில் அதே இடத்தில் 'கே', 'எஸ்', 'எச்' போடுவதா, 'எக்ஸ்' போடுவதா என்பதையும் வீட்டில் ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு அலுவலகம் போங்கள். சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று ஆகிவிட்டால், பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்தப் பெண் அலைவாள்.

அட்டையில் நால்வரையும் தனித்தனி வரியாக, முன்னெழுத்தோடும் ஆண்டோடும் திருத்தி எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். பேத்தியின் பெயருக்கு முன்னால் எந்த எழுத்து வரப்போகிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. மகளிடம் கேட்டு அதையும் எழுதுங்கள்.