‘அவன்’ நின்றானா, ‘அது’ நின்றதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வாசிப்புக் குழுவில் 9 பேர். ஹென்றி ஜேம்ஸின் ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ பேய்க்கதையைச் சின்னப் புத்தகம்தானே என்று ஒரே சந்திப்புக்கு வைத்தோம். 4 பேர்தான் முடித்திருந்தார்கள். எப்படிப் பிரிப்பது? – வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: மூன்று சந்திப்பு வையுங்கள். 40,000 சொற்களைச் சற்றே தாண்டும் கதைதான். ஆனால் இதன் ஆங்கிலம் ஓட விடாது. 1898இல் ஒரு வார இதழில் தொடராக வந்ததால் 24 அத்தியாயங்களும் சிறியவை. முகப்புப் பகுதியோடு 1 முதல் 7 வரை முதல் நாள், 8 முதல் 16 வரை அடுத்தது, மிச்சம் கடைசி நாள். ஏழில் நிறுத்தினால் குவின்ட், ஜெசல் என்ற இரண்டு உருவங்களும் தலைகாட்டியிருக்கும். பேச விஷயம் இருக்கும், முடிவு தெரிந்திருக்காது.

முகப்பைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக்கூடாது. பிளை மாளிகைக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போன ஆசிரியை எழுதி வைத்ததை டக்ளஸ் என்பவர் நண்பர்களுக்குப் படித்துக் காட்டுகிறார். நாம் படிப்பது அதைக் கேட்ட ஒருவர் பிற்பாடு எடுத்த நகல். இது தெரியாமல் உள்ளே போனால், யார் வாக்கை நம்புகிறோம் என்ற கேள்வியே எழாது.

வாக்கியம் சிக்கினால், காற்புள்ளிகளுக்கு நடுவே செருகிய துணுக்குகளைப் பென்சிலால் அடைத்துவிட்டு மிச்சத்தை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு துணுக்குகளைச் சேர்த்து இன்னொரு தடவை.

கேள்வி: முழுக் கதையையும் நகலெடுத்துக் கொடுக்கலாமா? – வாசகர், பிறை

பதில்: மூலத்தைக் கொடுக்கலாம். ஜேம்ஸ் இறந்தது 1916. மலேசியாவில் நூலுக்குப் பதிப்புரிமை எழுத்தாளர் இறந்து 50 ஆண்டு வரைதான். ஆனால் கடையில் வாங்கிய பதிப்பின் முன்னுரைக்கும் அடிக்குறிப்புக்கும் தனி உரிமை உண்டு, அவற்றை விட்டுவிடுங்கள். 1908இல் ஜேம்ஸ் திருத்திய வடிவமும் புழக்கத்தில் இருக்கிறது. எல்லாரும் ஒரே வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள்; பக்க எண் வேண்டாம், அத்தியாய எண் சொல்லிப் பேசுங்கள்.

கேள்வி: பேய் உண்மையா, ஆசிரியைக்கு மனப்பிரமையா என்று ஆரம்பித்து எங்கள் சந்திப்பு சண்டையில் முடிந்தது. – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: முதல் நாளே கை தூக்கச் சொல்லியிருப்பீர்கள். கை தூக்கியவர் அப்புறம் இறக்க மாட்டார். விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1934இல் ‘பேயே இல்லை, எல்லாம் அவள் மனம்’ என்று எழுதியதிலிருந்து படித்தவர்களே அடித்துக்கொள்ளும் விஷயம் இது.

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: அத்தியாயம், ஆசிரியை கண்டது, பக்கத்தில் இருந்தவர், அவர் சொன்னது. மூன்றாவது கட்டம் எத்தனை தடவை காலியாக இருக்கிறது என்று பார்த்தாலே பேச்சின் சூடு மாறும். பிறகு மூன்று இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் அத்தியாயத்தில் ஆசிரியை தான் கண்ட ஆளை வர்ணிக்கிறாள்: தொப்பி இல்லை, சுருண்ட செம்பட்டை முடி, வெளிறிய நீள முகம். கேட்டதும் வீட்டை நிர்வகிக்கும் குரோஸ் அம்மாள், அது செத்துப்போன வேலைக்காரன் குவின்ட் என்கிறார். பேய்க் கட்சிக்கு இதுதான் பெரிய பலம். ஆனால் சற்று முன்னே, ஊர்க்காரன் யாராவதாக இருக்குமோ என்று அவர் கேட்டபோது, இல்லை, உறுதிப்படுத்திக்கொண்டேன் என்றிருக்கிறாள். யாரிடம் விசாரித்து உறுதிப்படுத்தினாள்? குவின்ட்டின் அடையாளம் அங்கேயே காதில் விழுந்திருக்குமோ? கதை வாய் திறக்கவில்லை.

பதினைந்தில் பாட அறையில், தனக்கு முன்னே அங்கே ஆசிரியையாக இருந்து செத்துப்போன ஜெசலைக் காண்கிறாள். அந்த உருவம் ஒரு வார்த்தை பேசியதாக எழுதவில்லை. பதினாறில் குரோஸ் அம்மாளிடம், தான் வேதனைப்படுவதாக ஜெசல் சொன்னாள் என்கிறாள். இந்த இரண்டு பக்கத்தையும் அடுத்தடுத்து உரக்கப் படியுங்கள். பிரமைக் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இருபதில் ஏரிக்கரையில் பக்கத்திலேயே நின்ற குரோஸ் அம்மாள் கண்ணுக்கு எதுவும் படவில்லை. அதோடு முடிந்தது என்று நினைத்தால், இருபத்தொன்றில் சிறுமி ஃப்ளோரா வாயிலிருந்து வந்த பேச்சைக் கேட்ட அதே அம்மாள், நம்புகிறேன் என்கிறார்.

நம்மில் ஆளுக்கொரு தோட்டத்துப் பேய்க்கதை கைவசம் இருக்கும். அதைக் கடைசி 20 நிமிடத்துக்கு, தே தாரிக்கோடு வைத்துக்கொள்ளுங்கள். முன்னே அவிழ்த்துவிட்டால் புத்தகம் மூடியே கிடக்கும்.

கேள்வி: பாதிப் பேர் தமிழில் பேசினால்தான் வாய் திறப்பார்கள். கதையைத் தமிழில் சொல்லி விவாதிக்கலாமா? – வாசகி, ஜார்ஜ் டவுன்

பதில்: தாராளமாக. ஒரு கண்ணி மட்டும் இருக்கிறது. ஆங்கிலத்து ‘ஹீ’ எஜமானருக்கும் வேலைக்காரனுக்கும், இருப்பவனுக்கும் செத்தவனுக்கும் பொது. தமிழில் ‘கோபுரத்தில் அது நின்றது’ என்றால் பேய் என்று தீர்ப்புச் சொன்ன மாதிரி. ‘அவன் நின்றான்’ என்றால் ஆள். ‘ஓர் உருவம்’ என்றே கடைசிவரை சொல்லுங்கள்.

இரண்டாம் அத்தியாயத்தில் இது இன்னும் நுட்பம். தன்னை வேலைக்கு வைத்த எஜமானருக்கு இளமையும் அழகும் உள்ளவர்களைத்தான் பிடிக்கும்போல என்கிறாள் ஆசிரியை. குரோஸ் அம்மாள் இறந்தகாலத்தில் ஆமோதித்துவிட்டு, எஜமானரைத்தான் சொன்னேன் என்று அவசரமாகச் சமாளிக்கிறார். அவர் மனதில் இருந்தது செத்த குவின்ட்டோ என்று பிற்பாடுதான் நமக்குத் தோன்றும். ‘அவனுக்கு’ என்றால் குட்டு உடைந்துவிடும், ‘அவருக்கு’ என்றால் குட்டே இல்லை. இரண்டையும் விட்டுவிட்டு, ‘ஆமா, எல்லாரும் அப்படி இருந்தாத்தான் பிடிச்சுது’ என்று சொல்லிப் பாருங்கள். யாருக்கு என்று கேட்பவர்களே கேட்பார்கள்.

கடைசி அத்தியாயத்தில் சிறுவன் மைல்ஸ் குவின்ட்டின் பெயரைச் சொல்லிக் கத்தும் வசவும் அப்படித்தான். ‘நீ’ சேர்த்தால் குவின்ட்டுக்கு, ‘நீங்க’ சேர்த்தால் ஆசிரியைக்கு. வெறும் ‘பாவி!’ போதும்.