நீங்கள் போன நீண்ட நெடுஞ்சாலைப் பயணங்களில் இன்றும் மனதில் நிற்பது எது?

லடாக் என்றோ கோவா என்றோ எழுத ஆசைதான். நான் போனது திருமங்கலத்திலிருந்து கொல்லம் வரை, சுமார் 200 கிலோமீட்டர். அதற்கு இரண்டு நாள் ஆனது. பக்கத்து சீட்டில் எங்கப்பா.

அப்பா பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கொல்லத்துக்குக் காய்கறி லோடு அடித்தவர். ராத்திரி கிளம்பி, விடியுமுன் இறக்க வேண்டும். ஓணம் நெருங்கினால் பத்து நாள் வீட்டுப் பக்கமே வரமாட்டார். லாரியை விட்டு ஏழெட்டு வருஷமாகிறது. போன ஆனி மாதம் மதுரையில் கண் ஆபரேஷனுக்குப் பிந்தைய செக்கப் முடிந்து செங்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். டி.கல்லுப்பட்டி தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்: "ஏல, அப்படியே கொல்லம் வரைக்கும் போயிட்டு வருவமா? அந்த ரோட்டை நான் பகல்ல பாத்ததே கொஞ்சந்தான்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா, ராஜபாளையத்தில் டிராஃபிக். புளியங்குடியில் மட்டும் இறங்கி ஒரு பை எலுமிச்சை வாங்கினார். ஒவ்வொன்றாக நகத்தால் கீறி மோந்து பார்த்துத்தான் பையில் போட்டார். கடைக்காரர் முறைத்ததை அவர் கவனிக்கவே இல்லை. அன்று ராத்திரி வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலை கிளம்பினோம்.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை தமிழ்நாட்டில் இல்லை. அதற்கு முன் திருவிதாங்கூர். ஊர் நுழைவில் நிற்கும் வளைவில் இன்றும் சங்கு முத்திரை இருக்கிறது. எங்கள் தாத்தா வீட்டுப் பத்திரத்தில் 1110, சித்திரை என்று போட்டிருக்கும். சின்ன வயதில் அதை ஆயிரம் வருஷத்துப் பத்திரம் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தேன். அது கொல்லம் ஆண்டு, மலையாளக் கணக்கு. 825 கூட்டினால் 1935. தென்காசிப் பக்கமிருந்து செங்கோட்டைக்குள் வருமுன் இருக்கும் பிரானூர்தான் அன்றைய எல்லை. எல்லை மேற்கே கோட்டைவாசலுக்கு நகர்ந்து எழுபது வருஷம் ஆகப்போகிறது; பிரானூரை இன்னும் 'பார்டர்' என்றுதான் சொல்கிறோம். பார்டர் பரோட்டா சாப்பிடப் போகிற சுற்றுலாக்காரர்களுக்கு அங்கே எந்த பார்டரும் கண்ணில் படாது.

புளியரை தாண்டி எஸ் வளைவு. என்னைவிட அப்பாதான் பதறினார். "செகண்டுக்கு மாத்து, செகண்டுக்கு மாத்து. ஏத்தத்துல எந்த கியர்ல ஏறுவியோ அதுலதான் இறங்கணும்." காருக்கு அதெல்லாம் வேண்டாம் என்றால் கேட்பாரா? கோட்டைவாசல் கருப்பசாமி முன்னால் நிறுத்தச் சொல்லி ஓர் எலுமிச்சையைச் சக்கரத்துக்கடியில் வைத்தார். பை எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

கணவாய் தாண்டியதும் சாரல் மழையாகிவிட்டது. ஆரியங்காவில் ஓரிடத்தைக் காட்டினார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வரிச் செக்போஸ்ட்டுகளை எடுக்கும் வரை லாரிகள் வரிசைகட்டி நின்ற இடம். முழு ராத்திரியும் அங்கேயே போயிருக்கிறதாம். தார்ப்பாய்க்கு அடியில் தக்காளி இளகுகிற வாசனை வந்தால், அன்றைக்கு வாடகை பேசினபடி கிடைக்காது என்று தெரிந்துவிடும். இப்போது அங்கே இரண்டு ஆடுகள் நனைந்துகொண்டு நின்றன.

கழுதுருட்டியில்தான் அது நடந்தது. ரோட்டோரமாகவே பதின்மூன்று கண் ரயில் பாலம் ஓடுகிறது. 1904-இல் ரயில் விட்ட பாதை. 2010-இல் மீட்டர் கேஜை நிறுத்தி, 2018-இல் அகலப் பாதையாகத் திறந்தார்கள். அப்பா கண்ணாடியை இறக்கினார். மழை உள்ளே அடித்தது. கழுத்தை வெளியே நீட்டி, மேலே பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவ்வளவு உசரமா இது?"

அவர் ஆயிரக்கணக்கான தடவை அதைக் கடந்தவர். ராத்திரி ஹெட்லைட்டில் தெரிந்ததெல்லாம் தூண்களின் அடிக்கல்தான். பாசி பிடித்த ஏதோ மதில் என்றே இருந்துவிட்டாராம். ரயில் ஓடாத வருஷங்களில் மேலிருந்து சத்தமும் வந்திருக்காது.

தென்மலையில் டீக்கடை. கடைக்கார அக்கா "தேத்தண்ணி போடவா ஐயா?" என்றார். இங்கே இந்தச் சொல்லை ரொம்ப வருஷமாகக் கேட்கிறேன், எந்த ஊர்ப் பேச்சென்று கேட்கத் தோன்றியதில்லை என்றார் அப்பா. நான் கேட்டேன். அக்காவின் பெற்றோர் இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க, 1976-இல் புனலூரைத் தலைமையிடமாக வைத்து ஒரு ரப்பர் நிறுவனம் தொடங்கினார்கள். குளத்துப்புழைப் பக்கம் அதன் தோட்டங்கள் இருக்கின்றன. அக்கா அங்கே பிறந்தவர். எங்களிடம் தேத்தண்ணி, அடுத்து வந்த ஆளிடம் "சாயயோ?" என்று மலையாளம். கை ஒரே வேகத்தில் ஆற்றிக்கொண்டிருந்தது.

புனலூர்த் தொங்குபாலத்தில் இப்போது நடக்க மட்டும்தான் விடுகிறார்கள். கல்லடை ஆற்றின் மேல் 1877-இல் கட்டி முடித்தது. கட்டிய இன்ஜினியர் ஆல்பர்ட் ஹென்றி, பாலத்தில் யானைகளை நடக்கவிட்டு, குடும்பத்தோடு கீழே படகில் இருந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். நம்புவது உங்கள் பாடு. அப்பா பாதி வரை போய்ப் பலகையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆறு டன் தாங்கும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

கொட்டாரக்கரை, குண்டறை எல்லாம் வீடும் கடையுமாக ஒட்டியே வருவதால் சொல்ல ஒன்றுமில்லை. கொல்லத்தில் கடல் பார்க்கலாம் என்றேன். அவர் சந்தைக்குப் போகச் சொன்னார். மத்தியானச் சந்தை காலியாகக் கிடந்தது. யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச நேரம் நின்றவர், திடீரென்று இரண்டு பலாப்பழமும் ஒரு நேந்திரங்குலையும் விலை பேச ஆரம்பித்தார். நல்ல மலையாளம், அடிமாட்டு விலை.

"எப்பா, வீட்ல ரெண்டு பேர்தானே இருக்கோம்?"

"காலி வண்டியா திரும்பக் கூடாதுல. டீசல் காசு யாரு தருவா?"

திரும்பும்போது இருட்டிவிட்டது. கார் முழுக்கப் பலா வாசனை. தென்மலைக்கு முன்பே தூங்கிப்போனார். கோட்டைவாசலில் மாநில எல்லைப் பலகை வந்தது, போனது; எழுப்பவில்லை. செங்கோட்டையும் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்காக வீட்டைத் தாண்டிப் பிரானூருக்கு விட்டேன். கல்லில் பரோட்டாவை அடிக்கிற சத்தம் கேட்டதும் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"பார்டர் வந்துட்டு. வண்டியை ஓரங்கட்டு."