தயிரில் இருக்கும் நல்ல கிருமி குடலுக்கு என்ன செய்கிறது?

புரோபயோடிக் என்றால் என்ன, அது எதிர்ப்புச் சக்திக்கு எப்படி உதவும் என்பது கேள்வி. போதிய அளவில் உள்ளே போனால் உடம்புக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள், அவ்வளவுதான். உறை ஊற்றிய தயிரில் இருப்பவை இவற்றின் உறவுக்காரர்கள்.

நம் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பகுதி குடலை ஒட்டியே இருக்கிறது. சாப்பாட்டோடு வருவதில் எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று அவை ஓயாமல் பார்க்க வேண்டும். நல்ல கிருமிகள் அமிலம் சுரந்து கெட்டவற்றை அடக்குகின்றன. குடல் சுவர் இறுக்கமாக இருக்க உதவுகின்றன. வீண் சண்டைக்குப் போகாதபடி அணுக்களைப் பழக்குகின்றன.

எங்கள் தோட்டப் பக்கம் செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே மூடுபயிர்க் கொடியைப் படர விடுவார்கள். கொடி மண்ணை மூடிவிட்டால் லாலான் என்ற களைப்புல் தலைதூக்க இடமேது? குடலிலும் அதே கதைதான். ஒரு வித்தியாசம்: கொடி நிலைத்து நிற்கும், சாப்பிட்ட கிருமிகள் பெரும்பாலும் சில நாளில் வெளியேறிவிடும். அதனால்தான் தினமும் கொஞ்சம் என்கிறார்கள். அப்புறம் கீரையும் பயறும் வேண்டும். அந்த நார்ச்சத்துதான் குடலிலேயே குடியிருக்கும் கிருமிகளுக்குத் தீனி.

மோர்க்குழம்பிலும் இதே பலன் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். நன்றாகக் கொதித்தால் அந்தக் கிருமிகள் செத்துவிடும், ருசிதான் மிச்சம்.