மினி லேத் மேம்பாடு: கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கத்தில் வீட்டிலேயே சின்னப் பட்டறை வைத்திருப்பவர்கள் கேட்டவை. பெரும்பாலும் 7×14 (அங்குலக் கணக்கு) என்று விற்கும் மினி லேத்தை, அதாவது சின்னக் கடைசல் இயந்திரத்தைப் பற்றியவைதான். அதில் 180 மி.மீ. விட்டம் வரை சுற்றும், சென்டர்களுக்கு நடுவே 350 மி.மீ. கிடைக்கும்.

காட்பாடி: அண்ணா, புது லேத் வந்திருக்கு. முதல்ல எதை மாத்தலாம்? கம்பியைப் பிடிக்கிற சக்கா, மோட்டாரா?

தம்பி, முதலில் எதையும் வாங்க வேண்டாம். கேரேஜ் (டூலைத் தாங்கி நீளவாக்கில் நகர்வது), அதன் மேல் குறுக்கே நகரும் கிராஸ் ஸ்லைடு, அதற்கும் மேலே சாய்த்து வைக்கக்கூடிய காம்பவுண்ட் மூன்றையும் கழற்றி டீசலில் கழுவுங்கள். பேக்கிங் கிரீஸுக்குள் சாணைத் தூளும் வார்ப்பு மணலும் கலந்திருக்கும். அதோடு ஓட்டினால் படுகை (கேரேஜ் நகரும் அடித்தளம்) தேய்ந்துவிடும். ஓரங்களில் பிசிறு இருந்தால் ஆயில் ஸ்டோனால் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது கிப், அதாவது ஸ்லைடின் ஆட்டத்தைத் திருகுகளால் சரிசெய்யும் பட்டை. திருகின் முனை கிப் பட்டையில் உள்ள குழியில் சரியாக உட்காராவிட்டால் பட்டை சாய்ந்து நிற்கும். அப்போது இறுக்கினால் பிடிக்கும், தளர்த்தினால் ஆடும், நடுவில் ஒரு நிலை கிடைக்காது. குழி சரியில்லை என்றால் பட்டையை அதன் இடத்திலேயே வைத்து, திருகு ஓட்டை வழியாகவே டிரில் முனையால் லேசாகக் குழி போடுங்கள். இறுக்கும்போது எல்என் கீயால் (ஆலன் கீ) திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை முடுக்குங்கள். பிடிக்காவிட்டால் நட்டோடு திருகும் சேர்ந்து சுற்றிவிடும். பிறகு டூல் போஸ்ட்டில் டயல் இண்டிகேட்டரை (நுண்ணிய அசைவைக் காட்டும் அளவி) முட்டவைத்துக் கையால் ஆட்டிப் பாருங்கள். 0.02 மி.மீ.க்குள் அசைந்தால் போதும்.

கேரேஜுக்கு அடியில் இருக்கும் பட்டைகளைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே ஒரு திருகு பட்டையை இழுக்கும், இன்னொன்று தள்ளும். அதனால் பட்டையே வளைந்துவிடும். தள்ளும் திருகை எடுத்துவிட்டு, இடைவெளியை ஃபீலர் கேஜில் அளந்து, அந்தக் கனத்துக்குப் பித்தளை ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள். கேரேஜ் மேலே எழாமலும், கையால் தள்ளினால் ஒரே சீராகவும் நகர வேண்டும். பாதி லேத்களில் அதிர்வு இதிலேயே குறைந்துவிடும்.

ராணிப்பேட்டை சிப்காட்: சார், சக்கைச் சுற்றும் ஸ்பிண்டிலில் 6206 பால் பேரிங் இருக்கிறது. டேப்பர் ரோலர் போடலாமா, ஆங்குலர் காண்டாக்ட் போடலாமா?

இரண்டுமே போடலாம். 6206-இன் அளவு 30×62×16 மி.மீ. (உள் விட்டம், வெளி விட்டம், அகலம்). ஆங்குலர் காண்டாக்ட் 7206-உம் அதே அளவுதான், எதையும் கடையாமல் அப்படியே மாட்டலாம். டேப்பர் ரோலர் 30206-இன் அகலம் 17.25 மி.மீ. ஒவ்வொரு பக்கமும் 1.25 மி.மீ. கூடுவதால் ஸ்பேசரின் முகத்தை அந்த அளவுக்குக் கடைய வேண்டும், மூடியும் இடிக்கலாம். பேரிங்கைக் கழற்றிவிட்டால் லேத் ஓடாது என்பதால், ஸ்பேசரை முன்கூட்டியே கடைந்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை குறைவாக இருக்க வேண்டுமென்றால் 7206 போடுங்கள். எஃகில் ஆழமான கட் எடுப்பவருக்கு 30206 சரி.

திசை முக்கியம். 7206-இல் வெளி வளையத்தின் தடித்த பக்கம், இரண்டு பேரிங்குக்குமே, ஹெட்ஸ்டாக்கின் (ஸ்பிண்டிலைத் தாங்கும் பெட்டி) உள்படியைத் தொட வேண்டும். திருப்பிப் போட்டால் நட்டை முடுக்கும்போது பேரிங் பிரிந்து வந்துவிடும். 30206-இல் கப்பின் விரிந்த வாய் வெளியே பார்க்க வேண்டும்.

உள் வளையத்தை எண்ணெயில் 80–90 டிகிரிக்குச் சூடாக்கினால் ஸ்பிண்டிலில் வழுக்கிக்கொண்டு உட்காரும். வெளி வளையத்தில் சுத்தியலால் தட்டி உள் வளையத்தை ஏற்றக் கூடாது. அந்த அடி உருண்டைகள் வழியாகப் போய் ஓடுபாதையில் தழும்பு விழும், பிறகு கடைசல் முகத்தில் அலை அலையாக வரும்.

நட்டை ஆட்டம் போகும் வரை முடுக்கி, நடுத்தர வேகத்தில் 20 நிமிடம் ஓட்டுங்கள். ஹெட்ஸ்டாக் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத அளவு சுட்டால் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சித்திரை வெயிலில் நம் ஊர் ஷெட்டே 40 டிகிரியில் இருக்கும், அதையும் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஓட்டத்தை (ரன்அவுட், சுற்றும்போது வரும் கோணல்) ஸ்பிண்டிலின் எம்.டி.3 (மோர்ஸ் டேப்பர் 3) குழிக்குள் டயல் வைத்து அளக்க வேண்டும். சக்கில் பிடித்த கம்பியில் அளந்தால் சக்கின் கோணலும் சேர்ந்து காட்டும்.

ஆற்காடு: ஹெட்ஸ்டாக் பிளாஸ்டிக் கியர் இரண்டாவது முறை பல் போய்விட்டது. இரும்பு கியர் போடட்டுமா?

போடலாம், ஆனால் டூல் சக்கில் மோதினால் பிளாஸ்டிக் பல் உடைந்து மற்றதைக் காப்பாற்றும். இரும்பு போட்டால் அந்த அடி கியரைத் தண்டோடு பிணைக்கும் கீக்கோ மோட்டார் போர்டுக்கோ போகும். ஓடும்போது ஹை-லோ லிவரைத் தள்ளுகிறீர்களா, சதுரக் கம்பியை ஆழமாகக் கடைகிறீர்களா என்று முதலில் பாருங்கள். பெல்ட் டிரைவுக்கு மாறுவது இரண்டையும்விட நல்லது.

குடியாத்தம்: 25 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) கம்பியில் பார்ட்டிங் போட்டால், அதாவது துண்டாக வெட்டினால், டூல் ஒடிகிறது. டூல் சரியில்லையா?

டூல் மேல் தப்பில்லை. மினி லேத்தில் ஆட்டம் அதிகம் உள்ள இடம் காம்பவுண்ட் ஸ்லைடு. அதைக் கழற்றிவிட்டு அதே உயரத்துக்கு ஒரு முழு எம்.எஸ். கட்டை வைத்து, அதன் மேல் டூல் போஸ்ட்டை இறுக்குங்கள். கட்டையின் இரண்டு முகமும் இணையாக இருக்க வேண்டும், சிப்காட் பக்கம் சர்பேஸ் கிரைண்டிங் இருக்கும் பட்டறையில் கொடுத்தால் செய்து தருவார்கள். சின்ன டேப்பர் வேலை வந்தால் மட்டும் காம்பவுண்டை மாட்டுங்கள்.

பிளேடு 1.6 முதல் 2 மி.மீ. கனம் போதும். வெளியே 14 மி.மீ.க்கு மேல் நீட்ட வேண்டாம். வெட்டும் இடம் சக்கை ஒட்டி இருக்கட்டும், கேரேஜை லாக் செய்யுங்கள். முனை சரியாக சென்டரில் நிற்க வேண்டும். வேகம் 200 ஆர்.பி.எம். பக்கம், கட்டிங் ஆயில் தாராளமாக. அதிர்வு கேட்டதும் பயந்து ஃபீடை நிறுத்தினால் முனை வெட்டாமல் தேய்த்துக்கொண்டே இருக்கும், அதிர்வு கூடும். வேகத்தைக் குறைத்து, விடாமல் ஒரே சீராகத் தள்ளுங்கள்.

திருவலம்: மெதுவா ஓட்டினா மோட்டார் நின்னுடுது சார். மோட்டார் வேகத்தை மாத்துற வி.எஃப்.டி. போடலாமா?

25 மி.மீ. எம்.எஸ். கம்பிக்கு எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலில் வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வைத்தால் 318 ஆர்.பி.எம். வரும். அந்த வேகத்தில் இந்த டி.சி. மோட்டாரிடம் சக்தி குறைவு. வற்புறுத்தினால் போர்டு எரியும்.

0.75 எச்.பி., 1,400 ஆர்.பி.எம். த்ரீ பேஸ் மோட்டாரும் 230 வோல்ட் சிங்கிள் பேஸ் இன்புட் வி.எஃப்.டி.யும் நன்றாக இருக்கும். பெயர்ப் பலகையில் டெல்டாவுக்கு 230 அல்லது 240 வோல்ட் என்று இருந்தால்தான் வாங்குங்கள், டெர்மினல் பெட்டியில் பட்டைகளை டெல்டாவாக மாற்றுங்கள். ஸ்டாரில் விட்டால் மோட்டார் சுற்றும், இழுக்காது. புல்லியில் 1:1, 3:1 என இரண்டு படி வையுங்கள். 3:1-இல் 34 ஹெர்ட்ஸ் வைத்தால் கிட்டத்தட்ட அந்த 318 கிடைக்கும், முறுக்குவிசையும் மூன்று மடங்கு. வெறும் வி.எஃப்.டி.யில் வேகத்தை இறக்கினால் இந்த லாபம் இல்லை.

ஸ்டாப் சுவிட்சை வி.எஃப்.டி.யின் கண்ட்ரோல் டெர்மினலில் கொடுங்கள். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவே சுவிட்ச் வைக்கவே கூடாது. எர்த் கட்டாயம்.

சத்துவாச்சாரி: 80 மி.மீ. சக்குக்குப் பதில் 100 மி.மீ. நேரடியாக ஏறுமா?

ஏறாது. 80 மி.மீ. சக்கான கே11-80-இன் பின்குழி 55 மி.மீ., 100 மி.மீ. சக்கான கே11-100-க்கு 72 மி.மீ. நடுவே அடாப்டர் பிளேட் வேண்டும். பிளேட்டை உங்கள் ஸ்பிண்டிலில் மாட்டிய பிறகு 72 மி.மீ. படியைக் கடைசியாகக் கடையுங்கள், அப்போதுதான் ஓட்டம் சரியாக வரும்.

அரக்கோணம்: ஐப்பசி, கார்த்திகை மழையில் படுகை முழுக்கத் துரு. பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடியும் நிற்கவில்லை.

ஷீட்டுக்குள் ஈரம் அடைபட்டு வியர்க்கும். அதை எடுத்துவிட்டுப் பருத்தித் துணி போடுங்கள். வேலை முடிந்ததும் தூளைப் பிரஷால் தள்ளி, 68 கிரேடு ஸ்லைடுவே ஆயிலைத் துணியில் நனைத்துத் தடவுங்கள். வந்துவிட்ட துருவை நைஸ் ஸ்காட்ச் பிரைட்டும் எண்ணெயும் வைத்து எடுங்கள், படுகையில் உப்புத்தாள் வேண்டாம். அதே அறையில் பாத்ரூம் கழுவும் ஆசிட் பாட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூடியிருந்தாலும் அதன் ஆவி கசிந்து இரும்பை அரிக்கும்.